மைசூர் பிலோமினா சர்ச்சுக்குப் போகும் முன் பெரம்பூரில் ஒரு அரை மணி நேரம்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அரையாண்டு விடுமுறையில் ஆறு பேர் ஒரே காரில் மைசூருக்கு மூன்று நாள் பயணம். அங்கே இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் பிலோமினா சர்ச்சைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் மாமியார். வீட்டுக்காரரோ, "அரண்மனை, ஜூ, பிருந்தாவனம் பார்க்கவே நேரம் பத்தாது, சர்ச்சை ரோட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கிட்டால் போதும்" என்கிறார். எட்டு வயதிலும் பதினொன்றிலும் இரண்டு பிள்ளைகள். மாமியாருக்கு முழங்கால் வலி. இவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. உள்ளே போகலாமா, மெழுகுவத்தி ஏற்றலாமா, எவ்வளவு நேரம் ஆகும், பிள்ளைகளுக்கு அங்கே என்ன காட்டுவது என்பது கேள்வி.

நான் மாமியார் கட்சி. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், உள்ளே போங்கள், போய் உட்காருங்கள். ரோட்டிலிருந்து போட்டோ எடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ராயபுரத்தில் பிறந்து, ராயப்பர் (புனித பேதுரு) கோயில் மணியோசை கேட்டு வளர்ந்தவன். கிறிஸ்தவன் இல்லை. பாலிடெக்னிக்கில் கட்டுமானப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால் கொஞ்சம் வாத்தியார் வாடை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். உள்ளே போகப் போக என்ன ஆகிறது? கோபுரம் பெரிது, அடுத்த வாசல் சிறிது, மண்டபத்தில் வெளிச்சம் குறைகிறது, கூரை தாழ்கிறது, கடைசியில் கருவறையில் ஒரே ஒரு விளக்கு. நம் கோயில்கள் நம்மை இருட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சாமியைக் காட்டுகின்றன. பிலோமினா சர்ச் கோதிக் பாணி, அதாவது ஐரோப்பாவில் இடைக்காலத்தில் வந்த கூர்வளைவுப் பாணி. கோதிக் கோயில் இதற்கு நேர் எதிர். வாசலில் நிழல், உள்ளே காலெடுத்து வைத்ததும் கூரை மேலே ஓடுகிறது, வெளிச்சம் கூடுகிறது. உயரமும் வெளிச்சமும்தான் அங்கே விஷயம். வெளியே தெரிகிற கல்லும் முட்டும் கோபுரமும் பெரும்பாலும் அந்த உள்வெளிச்சத்தைத் தாங்குவதற்காக நிற்பவை. ரோட்டில் நின்று போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புவது, கல்யாணத்துக்குப் போய்ப் பந்தலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற மாதிரி.

சரி, இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க மைசூர் வரை காத்திருக்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து எவ்வளவு தூரம், ஒரு ஆட்டோ சவாரி. பிரான்ஸ் நாட்டு லூர்து நகரக் கோயிலைப் பார்த்துக் கட்டியது அது. கீழே ஒரு கோயில், அதன் தலைமேல் இன்னொரு கோயில். உள்ளே போய் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: "மேலே கூரையைப் பார், அந்தப் பாரம் எந்த வழியாகத் தரைக்கு வருது, விரலால் காட்டு." குழந்தை வளைவைக் காட்டும், அப்புறம் தூணைக் காட்டும். அவ்வளவுதான், பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதியை வீட்டிலேயே நடத்தலாம். என் பேரனையும் பேத்தியையும் வைத்து நான் செய்தது இது. கூடத்தில் டைல்ஸ் தரை. இருவருக்கும் சாக்ஸ் போட்டு, எதிரெதிரே நிற்க வைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து ஒருவர்மேல் ஒருவர் சாயச் சொன்னேன். கைகள் சேர்ந்த இடத்தில் ஒரு கூர்வளைவு வந்துவிட்டது. "இப்போ காலை ஒவ்வொரு அடியா பின்னாடி வை" என்றேன். மூன்றாவது அடியில் சாக்ஸ் வழுக்க ஆரம்பித்தது, பேத்தி வீல் என்று கத்தினாள். ஓடிப்போய் அவள் குதிகாலுக்குப் பின்னால் என் பாதத்தை வைத்து அணை கொடுத்தேன். நின்றுவிட்டாள். எந்த வளைவும் இப்படித்தான், பாரத்தைக் கீழே மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் உதைக்கும். அந்த உதையை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். கோதிக்குக்கு முந்தைய ரோமனெஸ்க் பாணிக் கோயில்களில் தடித்த சுவர் வாங்கிக்கொண்டது, அதனால் ஜன்னல் சிறிது, உள்ளே இருட்டு. கோதிக் கொத்தனார்கள் அந்த வேலையைச் சுவரிடமிருந்து பிடுங்கி, வெளியே எட்டி நிற்கும் கல் முட்டுகளிடம் கொடுத்தார்கள். குலை தள்ளிய வாழைக்கு மூங்கில் முட்டுக் கொடுப்போமே, அதே யோசனைதான். வேலை போன சுவரில் பெரிது பெரிதாகக் கண்ணாடி வைக்க முடிந்தது. பேத்தி கேட்டாள், "தாத்தா, அப்போ நீங்கதான் முட்டா?" ஆமாம் என்றேன். வீட்டில் எல்லாருக்கும் ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்தான்.

வளைவு ஏன் கூராக இருக்கிறது என்று பெரியவன் கேட்டால் கணக்காகவே சொல்லுங்கள். அரைவட்ட வளைவில் உயரம் நம் கையில் இல்லை. பத்தடி அகலம் என்றால் ஐந்தடி உயரம், இருபதடி என்றால் பத்தடி. அகலமான இடமும் குறுகலான இடமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் வளைவுகளின் உச்சி ஒரே மட்டத்தில் வராது. கூர்வளைவில் உச்சியை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். பக்க உதையும் குறையும். நம்மூரில் கான்கிரீட் போட சென்ட்ரிங் அடிக்கிறோம் என்கிறோமே, அந்தச் சொல்லே வளைவு கட்டும்போது அடியில் கொடுக்கும் மரச்சட்டத்துக்கு வந்த பெயர். உச்சிக்கல் விழும் வரை அந்த மரம்தான் தாங்கும். அதைப் பிரிக்கிற நாளில் மேஸ்திரி வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்.

கரைத்துத்தான் இருக்கிறது. பாரிஸுக்குப் பக்கத்தில் சான்-தெனி மடத்துக் கோயிலில் மடாதிபதி சுஜே கட்டிய பீடப் பகுதி 1144ல் அர்ச்சிக்கப்பட்டது. கோதிக் பாணி அங்கேதான் தொடங்கியது என்று சொல்வது வழக்கம். அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் போட்டி. போவே என்ற ஊரில் கூரையை ஏறத்தாழ 48 மீட்டருக்கு ஏற்றினார்கள், 1284ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விட்டார்களா? அடுத்த முந்நூறு வருடத்தில் 153 மீட்டருக்கு ஒரு கோபுரமும் எழுப்பினார்கள், 1573ல் அதுவும் விழுந்தது. அந்தக் கோயிலின் நடுக்கூடம் இன்றுவரை கட்டப்படவே இல்லை. பிள்ளைகளுக்கு வெற்றிக் கதையைவிட இந்தக் கதை பிடிக்கும், காரில் சொல்லிக்கொண்டு போங்கள்.

மைசூர்க் கோயிலுக்கு முன்மாதிரி என்று சொல்லப்படுவது ஜெர்மனியின் கொலோன் பேராலயம். அது 1248ல் தொடங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் வற்றி வேலை நின்றது. பாதிக் கோபுரத்தின் தலையில் மரப் பாரந்தூக்கி ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்றது, ஊரின் அடையாளமே அதுதான் என்று ஆகும் அளவுக்கு. ஒருவழியாக 1880ல் முடித்தார்கள், 632 வருடம். உயரம் 157 மீட்டர். மைசூரில் கோபுரம் 175 அடி, சுமார் 53 மீட்டர். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. ஆகவே மைசூர்க் கோபுரத்தடியில் நின்று, "இது ஒரு எல்.ஐ.சி., கொலோன்காரன் கட்டினது மூணு எல்.ஐ.சி. ஒண்ணு மேல ஒண்ணு" என்று சொல்லுங்கள். சென்னைப் பிள்ளைக்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது.

கதீட்ரல் என்றால் பெரிய சர்ச் என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆயரின் (பிஷப்பின்) நாற்காலி எங்கே இருக்கிறதோ அது கதீட்ரல். கதீட்ரா என்றால் நாற்காலி, அவ்வளவே. வேளாங்கண்ணி எவ்வளவு பெரிது, ஆனால் அது பசிலிக்கா, அதாவது போப் தரும் சிறப்புப் பட்டம் பெற்ற கோயில், கதீட்ரல் இல்லை. சாந்தோம் இரண்டும். அதுவும் கோதிக் பாணிதான், பழைய போர்த்துக்கீசியக் கோயிலை எடுத்துவிட்டுக் கட்டி 1896ல் திறந்தது. வடசென்னையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆர்மேனியன் தெருவில் நாம் அந்தோணியார் கோயில் என்று சொல்கிற மரியன்னை ஆலயம் இணைப் பேராலயம், அதாவது கதீட்ரல் அந்தஸ்து உடையது, ஆனால் கோதிக் இல்லை. பெரம்பூரில் கோதிக் உண்டு, கதீட்ரல் இல்லை. எங்கள் ராயப்பர் கோயிலுக்கு இந்தப் பட்டமெல்லாம் கிடையாது. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையில் மசூலாப் படகு ஓட்டிய ஜனங்கள் 1829ல் எழுப்பிய கோயில். ராயபுரம் என்ற பேரே அந்த ராயப்பரால் வந்தது என்று எங்கள் தெருவில் அடித்துச் சொல்வார்கள். நானும் அடித்துத்தான் சொல்வேன்.

இப்போது மைசூர். நேரப் பிரச்சினைக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. சர்ச்சை முதல் நாள் மாலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்னால். மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல், அங்கே பைபாஸ் ஏறி மதுரவாயல், அப்புறம் பெங்களூர் ரோடு. 1856ல் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு வரை போனது. உங்கள் காரும் அந்தப் பக்கமாகத்தான் போகப் போகிறது. காலைச் சாப்பாடு வேலூர் தாண்டி. ஆம்பூர் பிரியாணியைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள், காலை எட்டு மணிக்கு அது நியாயமில்லை. பெங்களூருக்குள் நுழையாதீர்கள், ஓசூர் ரோட்டிலிருந்து நைஸ் ரோட்டில் திரும்பி மைசூர் விரைவுச்சாலையைப் பிடியுங்கள். சிவாஜிநகரில் ஆரோக்கிய மாதா பசிலிக்கா இருக்கிறது, அதுவும் கோதிக், தமிழ்ப் பூசையும் உண்டு, ஆனால் அந்த டிராபிக்கில் மாட்டினால் வீட்டுக்காரர் சொன்னது சரி என்று ஆகிவிடும். மொத்தம் சுமார் 480 கிலோமீட்டர். நின்று நின்று போனாலும் மதியம் இரண்டு, மூன்றுக்குள் மைசூர். அதற்குமேல் அரண்மனைக்கு ஓடினால் அவசரம் அவசரமாகப் பார்க்க வேண்டும், ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். ஜூவுக்கும் அதே கதை, செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை வேறு. நான்கு மணிக்குச் சாய்ந்த வெயிலில் பார்க்கச் சரியான இடம் சர்ச்தான். அன்றைக்கு ஞாயிறாக இருந்தால் அங்கிருந்து நேராக அரண்மனை விளக்கொளிக்குப் போய்விடலாம், தூரமில்லை. ஆனால் ஞாயிறு பூசை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் 24லிருந்து புத்தாண்டு வரை கூட்டம் தாங்காது, முடிந்தால் அதற்கு முன்னாலோ பின்னாலோ போய்விடுங்கள்.

மைசூரில் பழைய கோயில் 1843ல் வந்தது. இப்போது நிற்பதற்கு 1933 அக்டோபர் 28 அன்று அடிக்கல் போட்டவர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார். ஒரு இந்து ராஜா, பிரெஞ்சுக்காரர் வரைந்த படம், ஜெர்மன் கோயில் சாயல். ஆக இடைக்காலத்துக் கட்டடம் இல்லை, தொண்ணூறு வயதுதான் ஆகிறது, என் அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தது. இதனால் மதிப்புக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வளைவின் கணக்கு 1144லும் 1933லும் ஒன்றுதான்.

உள்ளே போனதும் நடுவழியாக நேரே முன்னால் போகாதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். வாசலை ஒட்டிக் கடைசி பெஞ்சில் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், போன் பையில் இருக்கட்டும், உள்ளே படம் எடுக்க வேண்டாம். கண் வெயிலிலிருந்து உள்வெளிச்சத்துக்குப் பழகவே நேரம் ஆகும். பிறகு பக்கவாட்டு ஜன்னல் ஒன்றுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். இயேசுவின் பிறப்பு, கடைசி இராவுணவு, சிலுவை, உயிர்ப்பு என்று வண்ணக் கண்ணாடியில் கதை போகும். கதையை விட்டுவிட்டுக் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல் என்பது ஒரே கண்ணாடியில் வரைந்த படம் இல்லை. துண்டு துண்டாக வெட்டிய நிறக் கண்ணாடிகளை ஈயப் பட்டையால் கோத்துப் பற்றவைத்தது. அந்தக் கோடுகள் ஈயம். முகம், விரல், துணி மடிப்பு மட்டும் தூரிகையால் தீட்டிச் சூளையில் சுட்டிருப்பார்கள். நீலத்துக்குக் கோபால்ட், மஞ்சளுக்கு வெள்ளி உப்பு. வெள்ளியிலிருந்து மஞ்சள் எப்படி வரும் என்று பையன் கேட்டால், கேட்டதற்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். பழைய கண்ணாடி அடியில் தடிப்பாக இருப்பதற்குக் காரணம் அது மெல்ல வழிவதுதான் என்று யாராவது கைடு சொன்னால் நம்பாதீர்கள், கண்ணாடி வழியாது. அந்தக் காலத்தில் ஊதிச் செய்த தகடு சமமாக வராது, அவ்வளவுதான்.

மறுநாள் அரண்மனையில் கல்யாண மண்டபத்துக் கூரையிலும் வண்ணக் கண்ணாடி இருக்கிறது, மயில் போட்டது. முந்தின நாள் ஈயக்கோட்டைப் பார்த்த பிள்ளை அங்கே தானாகவே நிமிர்ந்து பார்க்கும். அந்த அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின் நம் பாரிமுனை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் வேலை செய்தவர். ஊர் விட்டு ஊர் போயும் நம்ம ஏரியா ஆளைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் தாராளமாக உள்ளே போகலாம். வாசலில் செருப்புக் குவிந்திருந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் தேவையில்லை. நுழைவாயிலில் கிண்ணத்தில் இருப்பது தீர்த்தம், கை கழுவ இல்லை. பெஞ்சுக்கு முன்னால் தாழ்வாக இருக்கும் மெத்தைப் பலகை முழந்தாளிடுவதற்கு, பிள்ளைகள் அதன்மேல் ஏறி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று முக்கியம். நீங்கள் போகும் நேரம் பூசை நடந்தால், நடுவில் எல்லாரும் வரிசையில் போய் வெள்ளையாக வட்டமாக ஒன்று வாங்குவார்கள். அது நற்கருணை. அந்த வரிசையில் நிற்காதீர்கள். என் மச்சான் ஒரு முறை ஒரு கோயிலில், பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று போய் நின்றுவிட்டார். சாமியார் கையில் வைத்ததும், வாயில் போடாமல் பவ்யமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். வீட்டில் அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று. பின்னாலிருந்த பெரியவர் ஒருவர் ஓடி வந்து கையைப் பிடித்தபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்கு அது கடவுளின் உடல். சட்டைப்பையில் பஸ் டிக்கெட்டோடு இருந்தால் பதறத்தானே செய்வார்கள். மச்சான் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

பீடத்துக்கு அடியில் நிலவறை இருக்கிறது. படி இறங்கினால் பிலோமினாவின் சொரூபம், சுவரில் பெயர் பொறித்த பளிங்குக் கற்கள், மறுபக்கம் ஏறி வெளியே வரலாம். பிலோமினா யார் என்பது ஒரு துப்பறியும் கதை. 1802ல் ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. மூடியிருந்த மூன்று ஓடுகளில் இருந்த எழுத்தை வரிசையாகப் படித்தால் 'லுமெனா', 'பாக்ஸ் தே', 'கும் ஃபி' என்று அர்த்தமில்லாமல் வந்தது. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்ததும் 'பாக்ஸ் தேகும் ஃபிலுமெனா' என்று ஆனது, உன்னோடு சமாதானம் ஃபிலுமெனா. அந்தப் பெண்ணைப் பற்றி வேறு எந்த வரலாற்றுச் சான்றும் இல்லாததால் 1961ல் திருச்சபை நாட்காட்டியிலிருந்து அவள் திருநாளை எடுத்துவிட்டார்கள். மைசூரில் அவளை யாரும் எடுக்கவில்லை. போவதற்கு முன் மூன்று சீட்டில் இந்த மூன்று துண்டையும் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நிலவறைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போவது அவர்களாகத்தான் இருக்கும்.

மாமியார் படி இறங்க வேண்டாம். மேலே அந்தக் கடைசி பெஞ்சிலேயே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மெழுகுவத்தி ஏற்றலாம், யாரும் மதம் கேட்கப் போவதில்லை. ஏற்றுவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். அதை மாமியார் கையால் ஏற்றவையுங்கள், பயணத்தைக் கேட்டவர் அவர்தானே.